குறை கூறும் நெறி

(வடக்குத்தில் திருக்கோயில் வளாகம் ஒன்றில் மாலை வழிபாட்டிற்குப் பின் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாராதனை கண்டு, திருநீறு பெற்று, மனம் அமைதியுற்றிருக்கும் இவ்வேளையில் நான் பேச எடுத்துக் கொண்ட பொருள், நாள்தோறும் நம் வீட்டிலும் பணியிடத்திலும் எழுகின்ற ஒன்றாகும். ஒருவரிடம் குறை காண்கிறோம். அதைச் சொல்லாமல் விடுவதா, சொல்வதா? சொல்வதானால் எவ்வாறு சொல்வது? உண்மையும் கெடாமல், கேட்பவர் உள்ளமும் ஒடியாமல் குறை கூறுவதற்கு ஒரு நெறி உண்டா? உண்டு என்பதை நம் அருளாளர்களின் வரலாறுகள் காட்டுகின்றன. அவற்றுள் பல, நாம் வாழும் இந்தக் கடலூர் மாவட்டத்து மண்ணிலேயே நிகழ்ந்தவை என்பது நாம் பெற்ற பேறு.

என்னால் நேர்ந்த பிழை

பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குத் திருமுறை கற்பித்து வருகிறேன். ஒரு மார்கழி விடியற்காலையில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சந்நிதியில் நின்று பாடினாள். இனிய குரல். அச்சமற்ற குரல். ஆனால் ழகரம் வரும் இடமெல்லாம் ளகரமாக ஒலித்தது. பாட்டு முடிந்ததும், கூடியிருந்த அனைவர் முன்னிலையிலும், "தமிழே நாவில் வரவில்லையே, பிறகு பாட்டு எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தனர். அந்தக் குழந்தை தலை குனிந்து தன் தாயின் சேலைக்குப் பின் மறைந்து கொண்டாள்.

தமிழைக் காத்துவிட்டதாக எண்ணி நான் பெருமிதத்தோடு வெளியே வந்தேன். வாயிலில் பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் என்னை அழைத்தார். "வாத்தியாரய்யா, நீங்கள் சொன்னது சரிதான். சொன்ன இடந்தான் சரியில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு வருகிறதா என்று பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவள் வரவில்லை. அந்த மார்கழி முழுதும் வரவில்லை.

அன்பர்களே! நான் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் இறைவன் திருமுன் ஒலித்துக் கொண்டிருந்த ஒரு குரலை நான் அடக்கிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் அறம் நிறைவேறிவிடுமா என்ற கேள்வி அன்றுதான் என்னுள் எழுந்தது.

நக்கீரரும் தருமியும்

குறை கூறுவது என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நக்கீரர். பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கெனச் சங்க மண்டபத்தில் பொற்கிழி தொங்குகிறது. இறைவன் இயற்றித் தந்த பாடலைத் தருமி கொண்டு வருகிறான். அதில் பொருட்குற்றம் உண்டு என்கிறார் நக்கீரர். பின்னர் இறைவனே எதிரில் வந்து நின்றபோதும் தம் கருத்தினின்று அவர் மாறவில்லை. அந்த நேர்மையைப் போற்றுகிறோம். போற்றவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாம் அனைவரும் நக்கீரராக இருக்கவே விரும்புகிறோம். கைக்கு எட்டிய பொற்கிழி கிட்டாமல் போகச் சபையினின்று வெளியேறிய தருமியின் முகத்தை நினைப்பார் யார்? தாய் தந்தையை இழந்த ஏழை இளைஞன் அவன். அந்த முகத்தை நினைத்தவன் ஆலவாய்ச் சொக்கன். அவனுக்காகவே சங்க மண்டபத்திற்கு எழுந்தருளினான்.

கதை அத்துடன் முடியவில்லை. நக்கீரரைத் திருத்தியபோது இறைவன் கையாண்ட முறையையும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. நெற்றிக்கண்ணின் வெம்மை தாளாது பொற்றாமரையில் வீழ்ந்தவரைக் கரையேற்றினான். அவருடைய இலக்கண அறிவில் குறைவு இருப்பதை உணர்ந்து, அகத்தியரை வரவழைத்து இலக்கணம் கற்பிக்கச் செய்தான். குறை உண்டு என்று சொன்னவன், அதை நிறைவு செய்வதற்கு ஓர் ஆசிரியரையும் அனுப்பினான். குறையைக் காட்டுவது பாதி வேலை. அதை நீக்க வழி காட்டுவது மீதிப் பாதி. முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு நாம் திரும்பி விடுகிறோம். நானும் அச்சிறுமியிடம் அதைத்தான் செய்தேன். ழகரம் வரவில்லை என்றேன். நாவை எங்கே மடிக்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை.

திலகவதியார் காட்டிய வழி

நம் மாவட்டத்துத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்களாகத் தோன்றியவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். பெற்றோர் மறைந்தனர். மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விட எண்ணிய திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி தம்மை விட்டுப் பிரிந்து, வேறு சமயம் புகுந்து, அங்கே பெரும் புகழும் பெற்றார். அக்காலத்தில் தமக்கையார் என்ன செய்தார்?

பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டு, மெழுகிட்டு, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பியைப் பற்றி அயலாரிடம் புலம்பியதாகச் சேக்கிழார் பெருமான் சொல்லவில்லை. இறைவனிடம் முறையிட்டார் என்றே சொல்கிறார். இது நாம் கற்க வேண்டிய முதற்பாடம். ஒருவருடைய குறையைச் சொல்வதற்கு உரிய இடங்கள் இரண்டுதான். ஒன்று அவருடைய செவி. மற்றொன்று ஆண்டவனுடைய சந்நிதி. மூன்றாமவரிடம் சொன்னால் அதற்குத் திருவள்ளுவர் தந்திருக்கும் பெயர் வேறு. புறங்கூறாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து அதைக் கண்டித்திருக்கிறார்.

பின்னர்ச் சூலை நோய் வந்தது. தம்பி ஆள் அனுப்பித் தமக்கையை அழைத்தார். "நான் அங்கு வாரேன்" என்று அம்மையார் உறுதியாகச் சொல்லி அனுப்பினார். பாசம் மிகுந்தவர்தாம்; எனினும் தம்பியின் துன்பம் கண்டு தாம் கொண்ட உண்மையை வளைக்கவில்லை. இது அவருடைய நேர்மை. ஆனால் தம்பி தாமே இரவோடு இரவாக வந்து திருவடியில் வீழ்ந்தபோது, "அன்றே சொன்னேனே, கேட்டாயா?" என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. எடுத்து நிறுத்தினார். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். விடியுமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துத் திருக்கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். திரும்பி வந்தவருக்கு அவர் தந்தது தொண்டில் ஒரு பங்கு. நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

பிள்ளை தேர்வில் தோற்று வந்து நிற்கும்போதும், கணவர் கடன் பட்டு வந்து நிற்கும்போதும், "அன்றே சொன்னேனே" என்ற சொல் நம் நாவின் நுனிக்கு வரும். அப்போது திருவதிகை அம்மையாரை நினைத்துக் கொள்ளுங்கள். வீழ்ந்தவர் தம் பிழையை முன்னரே அறிந்துவிட்டார். அவருக்கு வேண்டியது எழுப்பும் கை.

மாற்றுரைத்த விநாயகர்

நம் அருகிலுள்ள விருத்தாசலம் எனும் திருமுதுகுன்றத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த அற்புதம் யாவரும் அறிந்ததே. ஆற்றில் இடுமுன் அவர் ஒரு செயல் செய்தார். அந்தப் பொன்னில் சிறிது வெட்டி மச்சமாக, அதாவது மாதிரியாக, வைத்துக் கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. பின்னர்ப் பாடியருளவே, மாற்று நிறைந்தது. கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் என்ற திருநாமத்தோடு பிள்ளையார் இன்றும் எழுந்தருளியிருக்கிறார்.

உரைகல்லின் இயல்பைக் கவனியுங்கள். பொற்கொல்லர் மாற்றுப் பார்ப்பதற்காக நகை முழுவதையும் உடைப்பதில்லை. ஓர் ஓரத்தில் மெல்ல உரைத்து, அந்தக் கீற்றைப் பார்க்கிறார். மாற்றுக் குறைவு என்றால் குறைவு என்றே சொல்கிறார். பொன்னைப் பித்தளை என்று ஏசுவதில்லை. நாமோ ஒரு கீற்றைக் கண்டு முழு நகையையும் பழிக்கிறோம். "இந்தக் கணக்கு தவறு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நீ உருப்பட மாட்டாய்" என்கிறோம். "இன்று குழம்பில் உப்பு கூடிவிட்டது" என்பதற்குப் பதிலாக "உனக்குச் சமைக்கவே தெரியாது" என்கிறோம். குறை செயலில் இருக்கிறது. நம் சொல்லோ ஆளின் மேல் விழுகிறது.

இன்னொன்று. சுந்தரர் ஒப்பிட்டது தாம் முன்னரே எடுத்து வைத்த மச்சத்தோடு. வேறு ஊர்ப் பொன்னோடு அன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நம் பிள்ளையை அளப்பது முறையன்று. நேற்றைய அவன் எவ்வாறு இருந்தான், இன்று எவ்வளவு முன்னேறினான் என்பதே உரிய அளவுகோல்.

வள்ளற்பெருமானும் வேலாயுதனாரும்

சென்னை கும்பகோணம் நெடுஞ்சாலையில் நம் ஊரை அடுத்துள்ள வடலூர், 1867ஆம் ஆண்டில் வள்ளலார் சத்திய தருமச்சாலையையும் 1872ஆம் ஆண்டில் சத்திய ஞானசபையையும் நிறுவிய புனிதத் தலம். அவருடைய தலைமாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். இவர் வள்ளலாரை முதன்முதலில் அடைந்தது பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு.

இளைஞரான வேலாயுதனார் சங்கப் பாடல்களைப் போலத் தாமே நூறு பாடல்கள் புனைந்து, பழஞ்சுவடியில் கிடைத்தவை என்று சொல்லி வள்ளலாரிடம் கொடுத்தாராம். அவற்றை நோக்கிய வள்ளலார், இவை சங்கப் புலவர் வாக்கு அல்ல, இப்போதுதான் கற்கத் தொடங்கிய ஒருவர் எழுதியவை என்று சொல்லிவிட்டாராம். சங்கப் புலவர் பாடலில் பிழை இராது. இவற்றில் பிழைகள் உள்ளன என்பது அவர் கூறிய காரணம். வேலாயுதனார் வியந்து, வணங்கி, மாணாக்கராய் அமைந்தார்.

அன்று வள்ளலார், "ஆகா, அருமையான சங்கப் பாடல்கள்" என்று முகமன் கூறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இளைஞர் தம் திறமையில் தாமே மயங்கித் திரும்பியிருப்பார். மாறாக, "பெரியோரை ஏமாற்ற வந்தாயா?" என்று சினந்திருந்தால் அவமானத்தோடு திரும்பியிருப்பார். பெருமான் உண்மையைச் சொன்னார். வந்தவரை ஏற்றுக் கொண்டார். பிழை காட்டப்பெற்ற அந்த மாணாக்கரே பின்னாளில் பெருமானின் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, 1867ஆம் ஆண்டில் முதல் நான்கு திருமுறைகளைத் திருவருட்பா என்று அச்சில் ஏற்றினார்.

ஆகவே, ஊக்கப்படுத்துவது என்றால் பொய்ப்புகழ் பாடுவது என்று யாரும் கருத வேண்டா. பொய்ப்புகழ் ஒருவகை வஞ்சனை. இன்று கைதட்டி அனுப்புகிறோம். நாளை அவன் ஊரார் முன் இடறும்போது நாம் அருகில் இருப்பதில்லை. நட்பு சிரித்து மகிழ்வதற்கு மட்டும் அன்று, நெறி கடக்கும்போது முற்பட்டு இடித்துச் சொல்வதற்கும் உரியது என்பது வள்ளுவர் கருத்து. இடித்துரைப்பார் இல்லாத அரசன், பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். அவரே இனியவை கூறல் என்ற அதிகாரத்தையும் செய்தார். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன என்றால், இடித்துரையும் இன்சொல்லும் ஒரே நாவில் இருக்க முடியும் என்பதே பொருள்.

ஒரு கேள்வி தந்த திருப்பம்

அண்மைக் காலத்து வரலாறு ஒன்றும் சொல்கிறேன். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என ஐயர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்பது போலப் பேசி, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணி போன்ற நூல்களை அவர் குறிப்பிட்டபோது, அவற்றைத் தாம் படித்ததில்லை என்று ஐயர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்றவருக்கு அந்தச் சொல் எவ்வளவு உறுத்தியிருக்கும்!

ஆனால் முதலியார் உறுத்தியதோடு நிற்கவில்லை. சிந்தாமணிப் பிரதியைத் தேடித் தந்தார். தமக்கே அதைப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். நீர் படித்தது போதாது என்று சொன்னவர், உம்மால் இது முடியும் என்று நம்பி எதிரே மாணாக்கராக அமர்ந்தார். குறை கூறியவர் காட்டிய இந்த நம்பிக்கைக்கு ஈடான ஊக்கம் வேறில்லை. ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எனப் பின்னர் வந்த பதிப்புகளை உலகம் அறியும். தமிழ்த் தாத்தா தம் வரலாற்றை எழுதியபோது, அந்தச் சந்திப்பைத் தம் வாழ்வின் திருப்பமாக நன்றியோடு குறித்தார்.

நிலத்தடி நீர் சொல்லும் பாடம்

நம்மில் பலர் சுரங்கத்தோடு தொடர்புடையவர்கள். 1957ஆம் ஆண்டில் நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக் கொண்டிருக்கிறது என்பதையும், இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தரை நிலைத்து நிற்கும் என்பதையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

மனமும் அத்தகையதே. சொல்ல வேண்டிய குறைகளைச் சொல்லாமல் அடக்கி வைத்தால், அவை அடியில் சேர்ந்து கொண்டே இருக்கும். ஒருநாள் சிறு காரணத்தில் தரை பிளந்து, பத்தாண்டுக் கசப்பும் ஒரே நாளில் பீறிட்டு வரும். எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தது அவ்வாறுதான். அன்றன்றைய குறையை அன்றன்றே, அளவாக, அமைதியாகச் சொல்லிவிடுவது உறவுக்குப் பாதுகாப்பு.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். உடன் பணிபுரிபவர் தலைக்கவசமின்றி இயந்திரத்தின் அருகே செல்கிறார் என்றால், தனிமை பார்த்து, நேரம் பார்த்து, இன்சொல் தேடிக் கொண்டிருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கணமே, உரத்த குரலிலேயே தடுக்க வேண்டும். மென்மையாக ஆறுதல் சொல்வதைப் பிறகு செய்து கொள்ளலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். குறை கூறுமுன், இவர் நலனுக்காகச் சொல்கிறோமா, நம் கோபம் தணியச் சொல்கிறோமா என்று நெஞ்சைக் கேளுங்கள். கோபம்தான் என்றால் அன்று மௌனம் நன்று. தனியே அழைத்துச் சொல்லுங்கள். நன்றாக அமைந்ததை முதலில் உண்மையாகவே எடுத்துக் கூறுங்கள். கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதற்காக அன்று, அதுவும் உண்மையின் ஒரு பகுதி என்பதற்காக. குறையை ஐயமின்றி, ஒன்றே ஒன்றாகச் சொல்லுங்கள். அதை நீக்கும் வழியைக் காட்டுங்கள். இயன்றால் உடனிருந்து உதவுங்கள். பின்னர் முன்னேற்றம் கண்டால், அதைச் சொல்லவும் மறவாதீர்கள்.

குறை கேட்பவர்க்கும் ஒரு சொல். சொன்னவரின் முறை தவறாக இருக்கலாம். அதற்காகச் சொன்ன பொருளையும் தள்ளிவிட வேண்டா. முள்ளை நீக்கிவிட்டுப் பலாச்சுளையை உண்ணத் தெரிந்தவர்கள் அல்லவா நம் பண்ணுருட்டிப் பக்கத்து மக்கள்!

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூதாட்டியின் சொல் என்னை உறுத்திக் கொண்டே இருந்தது. தை பிறந்ததும் அவள் வீட்டிற்குச் சென்றேன். "பலர் முன்னிலையில் அவ்வாறு பேசியது தாத்தாவின் தவறு. ஆனால் அந்த எழுத்து இன்னும் சரியாக வர வேண்டும். வா, இருவரும் பழகுவோம்" என்றேன். வருத்தம் தெரிவித்தேன், ஆனால் திருத்தத்தை விலக்கிக் கொள்ளவில்லை. சில மாதங்கள் கழித்து அவள் வந்தாள். கடைசி வரிசையில் அமர்ந்தாள். இப்போது ழகரம் அவள் நாவில் அழகாக ஒலிக்கிறது. ஆனால் அன்றைய அச்சமற்ற குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பாடத் தொடங்குமுன் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தத் தயக்கம் நான் இட்டது. அது நீங்கும்வரை தலையசைத்து ஊக்குவிப்பதே என் தொண்டு.

என்னைத் திருத்திய அந்தப் பூக்கட்டும் அம்மையார் எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை. என்னைத் தனியே அழைத்தார். நான் சொன்னதில் சரியானதைச் சரி என்றார். பிழையான ஒன்றை மட்டும் சுட்டினார். நாளை என்ன பார்க்க வேண்டும் என்று வழியும் காட்டினார். இவ்வளவு நேரம் நான் பேசியதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார்.

இன்று இல்லம் திரும்பியதும், நீங்கள் நெடுநாளாக ஒருவரிடம் சொல்லத் தயங்கிய ஒன்றையோ, கடுமையாகச் சொல்லி வருந்திய ஒன்றையோ எண்ணிப் பாருங்கள். உண்மை சொல்லும் உறுதியையும், அதை அன்போடு சொல்லும் நயத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக என்று வேண்டி, அமர்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.